இரண்டாவது ஸ்டூல்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் ஒரு தச்சர். என் புத்தக அலமாரிக்குக் கீல் மாட்டிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரி மூணாவது மாடியில ஒரு பார் கட்டிக் கொடுத்தேன் சார்."

நான் எழுதும் துப்பறியும் தொடரின் அந்த வாரத்துப் பிணத்தைப் பாதி வாக்கியத்தில் அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

குடியை விட நினைக்கிறவர்களுக்கு அங்கே ஒரு மருந்தைச் சோதிக்கிறார்களாம். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள். போதை ஏற்றாது, குடிக்கிற வெறியை அடக்குகிறதா என்பதுதான் கேள்வி. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் வெறும் எண்ணெய். யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. பிறகு ஒவ்வொருவரையாக அந்தப் பொய் பாரில் உட்கார வைத்து, அவரவருக்குப் பிடித்த சரக்கை நிஜமாகவே ஊற்றி முன்னால் வைப்பார்கள். முகரலாம், தொடலாம், குடிக்கக் கூடாது. தாகம் எவ்வளவு என்பதை ஒரு குமிழைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

"ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தானே, ஸ்டூல் ஒண்ணு போதாதான்னு கேட்டேன். ஒத்த ஸ்டூல் போட்டா பார் மாதிரியே இருக்காதுன்னுட்டாங்க. சரின்னு ரெண்டு செஞ்சேன். ரெண்டாவதுல இதுவரைக்கும் ஒருத்தரும் உட்கார்ந்ததில்ல சார்." கீலுக்கு இன்னொரு திருகு தேடினார். "ஆனா போன மாசம் கால் ஆடுதுன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா, ஆடறது அந்த ரெண்டாவதோட கால்தான்."

2

முதல் ஆரம்பம்: 'மழை கொட்டிக்கொண்டிருந்தது.' (வேண்டாம். என் தொடர்களில் பெய்த மழைக்குப் பத்திரிகை ஆசிரியரே ஒருமுறை குடை வாங்கி அனுப்பிவிட்டார்.)

இன்னொன்று: 'கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அவனை...' (கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது சோதனையை நடத்தும் டாக்டரம்மா. ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவரை எதற்கு வில்லியாக்குவது?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் காலையிலேயே போட்டுக்கொண்டு, தான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டையே பழுது பார்த்தார். பிரேக்கைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டார். அதில் முதலில் ஏறியது அவருடைய மகள். லிஃப்ட் அரை மாடி சரிந்து, இருட்டில் நின்றது. வெளியிலிருந்து கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி அவர் கையில்தான் இருந்தது. துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. கை அந்த ஆட்டம் ஆடியது. உள்ளே அவள் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்தினாள். நிறுத்தியதுதான் இன்றைக்கும் அவர் காதில் கேட்கிறது. கடைசியில் சாவியைப் பிடுங்கித் திறந்தது அவர் மனைவி.

அன்றிலிருந்து, அப்பா லிஃப்டில் இருந்தால் மகள் படியேறித்தான் போவாள். நான்கு மாடி, முதுகில் புத்தக மூட்டை. இவரும் லிஃப்டை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஏறுவார். ஒரு வார்த்தை பேச மாட்டாள். சோதனையில் பெயர் கொடுத்த அன்றைக்கு மட்டும் ஒன்று சொன்னாள்: "உங்க கை நடுங்காம இருந்தா லிஃப்டுல கூட வர்றேன்ப்பா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் நாக்குக்கு அடியில் சொட்டு விட்டுக்கொள்கிறார்.

* இங்கே வாசகரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். டாக்டரம்மாவுக்கே தெரியாதது எனக்கு மட்டும் தெரிந்தால் ஆட்டம் போங்கு. அதனால் என் தங்கையைக் கூப்பிட்டு, கதையில் வரப்போகும் இரண்டு பேருடைய குப்பிகளிலும் மருந்தா எண்ணெயா என்று நீயே முடிவு செய்துகொள், என்னிடம் மூச்சு விடாதே என்றேன். "வேற வேலையே இல்லையாண்ணா உனக்கு?" என்றாள். ஆனாலும் முடிவு செய்தாள்.

3

மருந்து தொடங்குவதற்கு முன் நடந்த முதல் சோதனையில், குமிழ் இறுதிவரை போய் முட்டிக்கொண்டது. அதற்கு மேலும் திருப்பப் பார்த்தார்.

சில வாரம் கழித்து இரண்டாவது சோதனை. பரிமாறுகிறவர் ஆய்வக உதவியாளர்தான், அதற்கென்று ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, "வழக்கமானதுதானே சார்?" என்று கேட்கும்படி பழக்கியிருந்தார்கள். உட்காரும் ஆளுக்கு ஒரு கிளாஸ், அது விதி. லிஃப்ட்காரர் முகர்ந்தார். எங்கேயோ தெரிந்த ஒருவரின் சட்டை வாசனை மாதிரி இருந்தது. அவ்வளவுதான். குமிழைத் தொடக்கூட இல்லை.

வெளியே காத்திருக்கும் அறையில் நீதிபதி உட்கார்ந்திருந்தார். ஆள் வைத்திருப்பது செருப்புக் கடை. எதைப் பார்த்தாலும் தீர்ப்புச் சொல்வதால் அந்தப் பெயர். மருந்தைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருவர் குப்பியை ஒருவர் நக்கிப் பார்த்தார்கள்.

"உன்னோடதுதான் நிஜம். என்னோடது சும்மா எண்ணெய்ப்பா. தீர்ப்பு சொல்லியாச்சு, அப்பீல் கிடையாது." சொல்லும்போதே நீதிபதியின் கையில் குப்பி தடதடவென்று ஆடியது.

அந்த ஆட்டம் லிஃப்ட்காரருக்குத் தெரிந்த ஆட்டம். தன் குப்பியை நீட்டினார், அவருடையதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குப்பியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மறுபடி மாற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

(தச்சர் இதைச் சொல்லவில்லை. எழுதும்போது தானாக நடந்தது. என் தங்கைக்கு மகா கோபம்: "அப்ப நான் முடிவு பண்ணினதுக்கு என்ன மரியாதை?")

4

மாற்றிக்கொண்ட பிறகும் லிஃப்ட்காரருக்குத் தாகம் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் நீதிபதிக்கும் நின்றுபோனது.

மூன்றாவது சோதனை. கறுப்புக் கோட்டுக்காரர் ஒரு கிளாஸை லிஃப்ட்காரர் முன்னால் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதே சரக்கை அதே அளவு ஊற்றி, பக்கத்து ஸ்டூலுக்கு நேராக வைத்தார்.

"இது யாருக்கு?"

"கூட வந்தவருக்கு சார்."

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். ஸ்டூல் காலி. அதன் ஒரு கால் மட்டும் லேசாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது, யாரோ பொறுமையில்லாமல் உட்கார்ந்திருப்பது போல. இவருக்குத் தொண்டை வறளவில்லை, நாக்கு ஊறவில்லை. மனசு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எழுந்திருக்கும்போது பார்த்தார்: இவர் கிளாஸ் ஊற்றியபடியே இருந்தது. மற்றது காலி.

வெளியே வந்ததும் உதவியாளரைப் பிடித்துக் கேட்டார். கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தவர் விழித்தார். "ஒண்ணுதானே சார் ஊத்தினேன். அளந்து கொடுக்கறது, கூட ஒரு சொட்டு கிடையாது."

[நானும் ஒன்றுதான் எழுதினேன். 'ஒரு கிளாஸை வைத்தார், விலகி நின்றார்' என்று முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து படித்தபோது இரண்டாவது கிளாஸ் இருந்தது. அடித்துவிடலாம். ஆனால் அது காலியான பிறகு அடித்து என்ன பிரயோஜனம் என்று...]

5

லிஃப்டின் கூண்டுக்கு அடியில் சுமையை உணரும் ஒரு கருவி உண்டு. பழுது பார்க்கும்போது மட்டும் உள்ளே இருக்கும் பலகையில் எடை தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். மீண்டும் வேலைக்குச் சேர்ந்த லிஃப்ட்காரர், தன் கட்டடத்து லிஃப்டைத்தான் முதலில் பிரித்தார். பிரேக்கை முறுக்கினார், மறுபடி முறுக்கிப் பார்த்தார். கருவியைச் சோதிக்கத் தனியாக உள்ளே போய் நின்றார்.

பலகை இரண்டு ஆள் எடையைக் காட்டியது.

வெளியே வந்தார். சுழியம். உள்ளே போனார். இரண்டு ஆள். கருவியையே கழற்றிப் புதிது மாட்டினார். இரண்டு ஆள்தான்.

இந்த இடத்தில் நான் கணக்குப் போட்டு என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒருவர் குப்பியில் மருந்து என்றால் மற்றவர் குப்பியில் எண்ணெய். மாற்றிக்கொண்டார்கள். ஆக, பாதிக் காலம் இவர் வெறும் எண்ணெயில்தான் நிதானமாக இருந்திருக்கிறார். அது அவருடைய சொந்தப் பலம். நல்ல முடிவு, பத்திரிகைக்கும் பிடிக்கும். தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணா, எதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு குப்பிக்கும் ஒண்ணையேதான் முடிவு பண்ணினேன்."

அப்படியானால் மாற்றியதில் ஒன்றும் மாறவில்லை. இரண்டிலும் மருந்தாக இருந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது. பலகை காட்டுவது கோளாறு, மற்றதெல்லாம் பயந்த மனசின் சேட்டை. இரண்டிலும் எண்ணெயாக இருந்தால், அந்த இரண்டு பேரையும் விட்டு எழுந்து போன தாகம் எதனால் எழுந்தது? போனது எங்கே உட்கார்ந்திருக்கிறது?

6

முடிவு அ: மகள் ஏறினாள், கதவு மூடியது, லிஃப்ட் பூப்போல மேலே போனது. (அடித்துவிட்டேன். எழுதும்போது என் மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.)

முடிவு ஆ: அவர் அவளைத் தடுத்து (இதையும் அடித்துவிட்டேன். எத்தனை மாதம் காத்திருந்த மனிதர்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். லிஃப்ட் கதவு திறந்திருந்தது, உள்ளே அப்பா. வழக்கம் போலப் படிப்பக்கம் திரும்பியவள் நின்றாள். அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். தன் விரலால் அடியிலிருந்து தொட்டும் பார்த்தாள். கை கல் மாதிரி நின்றது.

புத்தக மூட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அவர் தலைக்கு மேல், இன்னும் அணைக்காமல் விட்டிருந்த பலகையில் பழைய எண்தான். இரண்டு ஆள்.

இன்னொரு காலை எடுத்து வைக்கப் போனவள் தயங்கினாள். நாலு பேர் தாராளமாக நிற்கும் லிஃப்ட் அது.

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா. இடமே இல்ல."

என் தங்கை பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கேட்டால் இப்போது சொல்லிவிடுவாள். நான் கேட்கப் போவதில்லை. திறக்கிற பொத்தானுக்கும் மூடுகிற பொத்தானுக்கும் நடுவில் அவருடைய விரல் இன்னும் நடுங்காமல் நிற்கிறது. வாசலில் ஒரு காலோடு அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள்தான் அழுத்த வேண்டும்.