சில்லு உருளாத அரைக் கட்டை

“செத்துப்போன ஒரு ஐரிஷ்காரியை நானூறு தமிழர் கைமாத்திக் கைமாத்தி, ஒரு வண்டிச் சில்லுகூட உருளாமல், பெப்ரவரிப் பனிக்குள்ளை அரைக் கட்டை தூரம் தூக்கிக்கொண்டு போனம். கூப்பிட்டது நான். வந்த ஒருத்தருக்கும் அவவைத் தெரியாது.”

இக்னேசியஸ் இப்படிச் சொன்னதும் ரொறன்ரோவில், டோர்செட் பார்க் கோப்பிக் கடையில் அந்த மேசையே குலுங்கிச் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தொண்ணூறாம் ஆண்டுக் குளிரில் தன் மீசை கண்ணாடி போல் ஒடிந்து விழுந்ததென்றும், அதைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேனென்றும் சொன்ன மனிதர் அல்லவா. மன்னாரில் அவருடைய பெரியப்பா பிடித்த திருக்கையின் நிழலில் மூன்று கலியாணங்கள் நடந்தனவாம்.

சச்சிதானந்தன் மட்டும் சிரிக்கவில்லை. எழுபத்துநாலு வயது. ஊரில் நீதிமன்ற இலிகிதராக இருந்தவர். இக்னேசியஸ் வாய் திறந்தால் “ஆதாரம்?” என்று கேட்பதுதான் ஓய்வுக்காலத்தில் அவருடைய முழுநேர வேலை. இன்றைக்கு அதையும் கேட்காமல் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையில், இந்த முறை இக்னேசியஸ் கூட்டிச் சொன்னது கொஞ்சம்தான்.

அந்த ஐரிஷ்காரி, நோரா கீகன், ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் இக்னேசியசின் மேற்பார்வையாளர். எண்பத்தெட்டில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறைக்குள் ஒன்பது பேராக, அவர் கணக்கில் இருபத்தொன்பது பேராக, படுத்தெழும்பிய காலத்தில் அவருக்குக் கட்டில் விரிப்பு மடிக்கப் பழக்கியவர். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நோரா பிடித்துக்கொண்டு மடிப்புக்கு மடிப்புக் கிட்ட வருவார். கிட்ட வந்ததும் கதையில் ஒரு துண்டு சொல்லுவார். இருபத்திரண்டு வருசம் விரிப்பு மடித்ததில் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் இக்னேசியசிடம் வந்து சேர்ந்துவிட்டது.

1847இல் பட்டினிக்குத் தப்பி அயர்லாந்தின் மேயோவிலிருந்து கப்பலேறியவர்கள் ஆறு பேர். ரொறன்ரோ ஏரிக்கரையில் காய்ச்சல்காரருக்கென்று அடித்த பலகைக் கொட்டிலில் பதினொரு நாளில் ஐந்து பேர் முடிந்துபோனார்கள். மிஞ்சியது ஒன்பது வயதுப் பிறிஜெற், நோராவின் பூட்டி. பிணங்களைக் கைவண்டியில் அடுக்கி உருட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் ஓடிய பிள்ளையை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். வண்டியை எங்கே கவிழ்த்தார்கள் என்பது அவளுக்குச் சாகும்வரை தெரியாது. சில்லின் சத்தம் மட்டும் தெரியும்.

பிறிஜெற் வீட்டுவேலை செய்து, கலியாணம் கட்டி, இரண்டு மகன்களைப் பன்றி வெட்டும் ஆலைக்கு அனுப்பி, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். இடுகாட்டு வாசலிலிருந்து குழிவரை என்னைக் கையால் தூக்குங்கள், சில்லு வேண்டாம். மகன்கள் தூக்கினார்கள். மகன்களை அவர்களுடைய பிள்ளைகள் தூக்கினார்கள். நோராவின் தாய்க்கு ஆறு பேர் தட்டுத்தடுமாறித்தான் சேர்ந்தார்கள்.

நோராவைத் தூக்க ஒருவருமில்லை. பிறம்ரனில் லொறி ஓடும் ஒரு மகன். இருபது வருசமாகப் பேச்சில்லை. தாய் செத்துப்போனாள் என்று இக்னேசியஸ் சொன்னபோது, “உங்களுக்கு விருப்பமானதைச் செய்யுங்கள்” என்று தொலைபேசியை வைத்துவிட்டான்.

சாவதற்கு இரண்டு நாள் முன்பு நோரா அவருடைய கையைப் பிடித்து, “சில்லு வேண்டாம், இக்னேசியஸ்” என்றார். இக்னேசியசின் வாய் இருக்கிறதே, அது உடனே சொல்லிவிட்டது: “ஆறு பேர் என்ன, நானூறு பேர் தூக்குவார்கள்.” நோரா அதை நம்பிவிட்டார். இக்னேசியஸ் சொன்ன எதையும் வாழ்க்கையில் நம்பிய ஒரே ஆள்.

இடுகாட்டில் விசாரித்தால், வாசலிலிருந்து குழி அரை மைல். பெட்டியோடு முந்நூறு இறாத்தல். ஆட்கள் இல்லாவிட்டால் தள்ளுவண்டி இருக்கிறது என்றார்கள்.

“அண்ணை, தூக்க வாறியளோ?” என்று சச்சிதானந்தனைக் கேட்டார்.

“எனக்கு இடுப்பு. அதோடை, பெட்டி ஏத்திற காருக்குச் சில்லில்லையோ?”

“கேற்றுக்கு வெளியிலை சில்லு இருக்கலாம். உள்ளுக்கைதான் கூடாது.”

“உந்தச் சட்டத்தை ஆர் உமக்கு எழுதித் தந்தது?”

“பிறிஜெற்.”

“ஆதாரம்?”

இக்னேசியஸ் வீட்டுக்குப் போய்த் தமிழில் ஒரு மரண அறிவித்தல் எழுதினார்.

“வெள்ளைக்காரிக்குத் தமிழிலை அறிவித்தலோ? மண்டை கழண்டிட்டுதோ உங்களுக்கு?” என்றார் மனைவி ஜோசப்பின்.

“ஒரு சொல்லுப் பொய்யிருந்தால் காட்டும்.”

ஜோசப்பின் வாசித்தார். “மேயோவைப் பூர்வீகமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட நோரா மேரி அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற பற்றிக், மேரி தம்பதியரின் வழித்தோன்றலும், காலஞ்சென்ற அன்னா, யோன், மைக்கல் ஆகியோரின் குடும்பத்தவரும், காலஞ்சென்ற பிறிஜெற்றின் அருமைப் பூட்டப்பிள்ளையும், இக்னேசியசின் உடன்பிறவாச் சகோதரியும் ஆவார்.” படம் இருக்கவேண்டிய இடத்தில் மாதா இருந்தார். காய்ச்சல் கொட்டிலில் முடிந்துபோன ஐந்து பேரும் அதில் இருந்தார்கள், ஆண்டு மட்டும் இல்லை. பொய் ஒன்றும் அகப்படவில்லை.

அறிவித்தல் இணையத்தில் வந்த அன்று மாலையே தொலைபேசி கொதிக்கத் தொடங்கியது.

“தம்பி, மேயோ எந்தப் பக்கம்? மன்னாருக்கு அங்காலையோ?”

“கடலுக்கு அங்காலை, அன்ரி.”

“பற்றிக் எண்டால் எங்கட பற்றிக் வாத்தியாரோ?”

“அவருக்கும் மூத்தவர்.”

யாரென்று பிடிபடாததுதான் எல்லாரையும் கலக்கியது. சம்பந்தி பகுதி ஆளாக இருந்து, போகாமல் விட்டால், பேரப்பிள்ளை கலியாணம்வரை சொல்லிக்காட்டுவார்களே.

சனிக்கிழமை காலை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. இடுகாட்டு வாசலில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டும் சப்பாத்துமாகப் பெண்கள் இறங்கினார்கள். சச்சிதானந்தனும் வந்து ஓர் ஓரமாக நின்றார். “பாக்க மட்டும்தான் வந்தனான்” என்றார்.

பெட்டியைப் பனியில் இறக்கி வைத்தார்கள். இனி மறைக்க முடியாது. இக்னேசியஸ் தொப்பியைக் கழற்றினார். எழுபத்தொரு வருசத்தில் முதல் தடவையாக எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். செத்தது யார், கைவண்டி என்ன, தான் கொடுத்த வாக்கு என்ன.



“அப்ப எங்கட ஆள் இல்லையோ?” என்றார் மன்னார்ப் பெண்மணி ஒருவர். “வேலையை விட்டிட்டு வந்தனான். செத்தவீட்டிலையும் பகிடியோ உமக்கு?”

இரண்டு கார்கள் கிளம்பின. பிறகு ஐந்து. பிறகு இன்னும் சில. இடுகாட்டு ஊழியன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அதன் சில்லு பனியில் நறநறத்தது.  இக்னேசியசின் வாயில் ஒரு பொய்கூட வரவில்லை.

“அந்தக் கைவண்டியிலை எத்தினை பேர்?”

கேட்டது சச்சிதானந்தன்.

“அஞ்சு, அண்ணை.”

“எங்கை கொண்டுபோய்ப் போட்டவங்கள் எண்டு தெரியாதோ?”

“தெரியாது.”

சச்சிதானந்தன் ஆதாரம் கேட்கவில்லை. அவருடைய மகன் ராகுலனை, 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், காயக்காரரை ஏற்றிய உழவு இயந்திரமொன்றின் இழுவைப்பெட்டியில் கடைசியாகக் கண்டதாக ஒருத்தி சொல்லியிருந்தாள். அது எங்கே போய் நின்றதென்று சொல்ல ஆளில்லை. மகன் செத்துவிட்டான் என்று சொன்ன எவரையும் அவர் பதினாறு வருசமாக ஆதாரம் கேட்டே துரத்தியிருக்கிறார். திதி கொடுக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை.

அவர் கையுறையைக் கழற்றினார். தள்ளுவண்டியைக் காலால் ஒதுக்கினார். தலைமாட்டுப் பிடியில் கையைப் போட்டார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிடியுங்கோவன்!”

பிடித்தார்கள். ஐம்பது அடிக்கு ஒருதரம் ஆள் மாறினார்கள். வெறுங்கையில் பிடியின் இரும்பு ஒட்டித் தோல் உரிந்தது. ஓரிடத்தில் ஒருவர் வழுக்கி முழந்தாளில் விழ, பெட்டி சரிந்தது. விழுந்தவரும் பிடியை விடவில்லை. பகிடியோ என்று கேட்ட மன்னார்ப் பெண்மணி செபமாலை சொல்லிக்கொண்டே ஒரு மூலையைப் பிடித்தார். எல்லாரும் மாறினார்கள், சச்சிதானந்தன் மாறவில்லை. “அண்ணை, இடுப்பு!” என்று இக்னேசியஸ் பின்னால் கத்தியதும் அவர் காதில் விழவில்லை. குழிவரை கொண்டுபோய் வைத்தபின், நிமிர முடியாமல் அப்படியே குனிந்து நின்றார். வெகுநேரம் நின்றார்.

இதெல்லாம் பெப்ரவரியில். இப்போது ஏப்ரல். மேசையில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

“நானூறு பேராம்!” என்று கண்ணைத் துடைத்தார் அருள்நாயகம், முன்னாள் பஸ் சாரதி. “சச்சி அண்ணை, நீங்களும் போனனீங்களாமே. உவற்றை புளுகைக் கொஞ்சம் உடைச்சுவிடுங்கோ.”

சச்சிதானந்தன் கோப்பியைத் தள்ளிவைத்தார்.

“நானூறு இல்லை. நூற்றுப்பதினேழு. நான் எண்ணினனான்.”

“பாத்தியளோ!” என்று அருள்நாயகம் மேசையில் அடித்தார். “மிச்சம்?”

 சச்சிதானந்தன் தோல் உரிந்து ஆறிய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மேசையில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

“நடந்தது” என்றார்.

“சில்லு இல்லாமலோ, அண்ணை?”

“ஓம். தலைமாட்டை நான்தான் பிடிச்சனான். நடந்தது.”