சரிசெய்யப்பட்ட கேம்

கறம்பக்குடி வனிதாவும் குவைத்தில் வேலை பார்க்கும் கணவன் வெற்றிசெல்வனும் வெள்ளிக்கிழமைதோறும் போனில் சேர்ந்து ஆடும் கார் ரேஸ் கேமின் நான்காம் பாகம் படு மட்டமாக வந்திருந்தது. கார்கள் பாலத்துக்குள் புகுந்து காணாமல் போயின. ரசிகர்கள் இணையத்தில் காறித் துப்பினார்கள்.

முதல் மூன்று பாகங்களையும் வாய் திறக்காமல் ஆடிய வெற்றிசெல்வன், இப்போது ஓயாமல் திட்டினான். கேமைத் திட்டியவன் அப்படியே தான் தங்கியிருக்கும் லேபர் கேம்ப் சாப்பாட்டையும் திட்டினான், முதுகுவலியைச் சொன்னான். ஒரு தடவை, "ஒன்னயப் பாக்கணும் போல இருக்கு வனிதா" என்றான்.

ரசிகர்கள் போட்ட கூச்சலில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் சரிசெய்தது. அடுத்த வெள்ளி கார்கள் வழுக்கிக்கொண்டு ஓடின.

"இப்ப நல்லாயிருக்குல்ல?" என்றான்.

"நல்லாத்தாங்க இருக்கு."

அதற்குமேல் எஞ்சின் சத்தம்தான். ஆட்டம் முடிந்ததும், கம்பெனியின் பக்கத்தில் நன்றி சொல்லிக் குவிந்துகிடந்த ரசிகர்களின் கமெண்டுகளுக்குக் கீழே வனிதா எழுதினாள்: "யாருடா இதச் சரிபண்ணச் சொன்னது?"