பிராங்க்ளினுக்குக் கனடா கிடைக்கவில்லை

சீமோனுக்கும் ஓர் அமெரிக்கப் பெரிய மனிதருக்கும் சிநேகம் ஏற்பட்டதற்குச் சோப்புத்தான் காரணம். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்துக் குசினியில் வருடக்கணக்காகக் கிளாஸ் கழுவுகிறவனுக்குச் சோப்பைவிட நெருக்கமான பொருள் வேறென்ன இருக்கப்போகிறது?

டோர்செட் பார்க்கில் அவன் குடியிருந்த கட்டிடத்துக்குப் பக்கத்து நூலகத்தில், கழித்துவிட்ட புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைப்பார்கள். விரும்பியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். 1996ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய சீமோன், மேலே கிடந்த ஒன்றைத் தூக்கிப் புரட்டினான். பிள்ளைகளுக்கான படப்புத்தகம். முதல் பக்கத்தில் கொதிக்கிற பெரிய அண்டா, பக்கத்தில் வியர்த்துப்போய் ஒரு பையன். பெஞ்சமின் பிராங்க்ளின், பொஸ்ரன் நகரத்தில் சோப்பும் மெழுகுதிரியும் காய்ச்சியவரின் பதினேழு பிள்ளைகளில் பதினைந்தாவது பிள்ளை என்று கீழே எழுதியிருந்தது. எங்கடை ஆள் என்று சீமோன் முடிவுகட்டிவிட்டான். மழை விட்டதும் புத்தகத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

பஸ்ஸில் நாளுக்கு இரண்டு பக்கம் என்று படித்தான். அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்தவர், இடி மின்னலுக்குள் பட்டம் விட்டவர், மூக்குக் கண்ணாடியில் கிட்டப் பார்க்கவும் எட்டப் பார்க்கவும் ஒன்றாக வழி செய்தவர் என்று புத்தகம் அடுக்கிக்கொண்டே போனது. அதெல்லாம் பெரிய விஷயந்தான். ஆனால் சீமோன் இரண்டே இரண்டு இடங்களில்தான் மயங்கிப்போய் நின்றான்.

ஒன்று, சிறுவயதில் பிராங்க்ளின் பட்டத்தின் நூலைப் பிடித்தபடி குளத்தில் மல்லாந்து படுத்தார், காற்று அவரை அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டது. கையை அசைக்கத் தேவையில்லை, காலை உதறத் தேவையில்லை. இதைப் படித்த நாளிலிருந்து, பஸ் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சீமோன் ஒன்ராறியோ ஏரியில் மல்லாந்து கிடந்தான். மேலே ஒரு சிவப்புப் பட்டம் இழுக்க, பிக்கரிங் கடந்து, விட்பி கடந்து, கரையில் நிற்கிற புது வீடுகளின் கூரைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போக, கிழக்கே போய்க்கொண்டிருந்தான். எங்கே போகிறோம் என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி வருகிற நேரம் இறங்கவேண்டிய தரிப்பு வந்துவிடும்.

மற்றது கண்ணாடி வாத்தியம். கண்ணாடிக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சுழலவிட்டு, நனைந்த விரலால் விளிம்பைத் தொட்டால் பாடும். அந்த மனிதர் அப்படி ஒன்றைச் செய்திருந்தார். நனைந்த விரலும் கண்ணாடி விளிம்பும் சீமோனுக்குச் சொல்லித் தரவேண்டிய சங்கதியா? மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலைக் கலியாணத்துக்கும் நடுவே மண்டபம் வெறுமையாகக் கிடக்கும். குசினி யன்னலால் வெயில் வரும், நீராவி அதற்குள் மெல்ல எழும்பும். அந்த நேரத்தில் ஒரு வைன் கிளாஸின் விளிம்பில் விரலை ஓட்டினான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு சத்தம் வந்து அறை முழுவதும் நின்றது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஒரு மாதத்தில், தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, ஞாயிறு பூசையில் பாடுகிற ஒரு பாட்டின் முதல் அடியை நாலு கிளாஸில் பிடித்துவிட்டான். அடித்தட்டில் சின்ன உடைவு என்று கழித்த கிளாஸ்கள் நாலை வீட்டுக்கும் கொண்டுவந்தான்.

புத்தகத்தில் அந்த வாத்தியத்தைப் பற்றி இன்னொரு கதையும் இருந்தது. மனைவி நித்திரையாயிருக்கும்போது பிராங்க்ளின் அதை வாசித்தாராம். விழித்தவள், தான் செத்துச் சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக நினைத்தாளாம். நடந்ததோ கட்டிவிட்ட கதையோ, சீமோன் அந்தப் பக்கத்தை மட்டும் அவசரமாகப் புரட்டினான். அவனுக்கும் ஒரு மனைவி இருந்தாள்.

அருள்மலர். மன்னார்க் கரையில் கலியாணம் கட்டி ஒரு வருடம் ஒன்றாக இருந்தார்கள். எண்பத்தெட்டில் அவன் கனடா வந்தான். தொண்ணூறில் அவள் இரவு வள்ளத்தில் இந்தியா போய்ச் சேர்ந்து, திருச்சியில் ஓர் அறையில் இருக்கிறாள். "இனிச் செத்தாலும் கடல் தாண்ட மாட்டன்" என்று அப்போது ஒரேயொரு தரம் எழுதினாள். அந்த ஒரு வரியைச் சீமோன் ஆறு வருடமாகப் பத்திரமாக வைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினான். "மனிசிக்குக் கடல் பயம், பிளேன் எண்டால் அதைவிடப் பயம்." சனமும் நம்பிவிட்டது.

உண்மை குளிர்பெட்டியின் மேல் கிடந்தது. அவளைக் கூப்பிடுவதற்கான படிவம். எல்லாம் நிரப்பி, கையெழுத்து மட்டும் வைக்காமல், இரண்டு வருடமாகக் கிடந்தது. அவளுக்கோ, படிவம் எப்போதோ போட்டாயிற்று, அரசாங்கந்தான் சுணக்குகிறது என்று எழுதியிருந்தான். மண்டபத்தில் தான் சுப்பவைசர் என்று ஆரம்பத்தில் எழுதிய பொய்தான் முதற் காரணம். அவள் வந்தால் இந்த ஊறி வெளிறிய கைகளைப் பார்ப்பாளே. பிறகு அந்தப் பொய்யோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. தனியே இருந்து பழகிவிட்டது. ஒரு வருடம் மட்டும் கூட இருந்த பெண்ணின் முகம் மங்கிவர, அவள் வந்து இறங்கினால் என்ன கதைப்பது என்ற பயம் பெருத்தது. பயம் அவளுக்கல்ல, அவனுக்குத்தான். அதை அவன் தனக்குத்தானே கூடச் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் அவன் சனிக்கிழமைகளில் போகிற ஆங்கில வகுப்பின் ரீச்சர், ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஒரு மனிதரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்றார். செப்டெம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை சீமோனின் முறை. சோப்பைச் சொன்னான், பட்டத்தைச் சொன்னான், கண்ணாடியைச் சொன்னான். பிறகு, வகுப்பைத் தன் பக்கம் இழுக்க, வைத்திருந்த துருப்பைப் போட்டான். பிராங்க்ளினும் கனடாவுக்கு வந்தவர். எழுபது வயதில், பனிக்குள்ளால், மொன்றியல் வரைக்கும். கனடாவும் அமெரிக்காவோடு சேரவேண்டும் என்று கேட்க வந்தார். இங்கே ஒருவரும் சம்மதிக்கவில்லை, வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் அகதிகளாக வந்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கதை ஒரேயொரு விதமாகத்தான் விளங்கும். சீமோனோடு ஒரே வீட்டில் இருக்கிற இராஜரட்ணம் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். நிரந்தர வதிவிடத்துக்காக ஐந்து வருடமாக அலைகிற மனிதர். உணர்ச்சி வந்தால் ஆங்கில வகுப்பிலும் தமிழ்தான்.

"அப்ப கேஸ் றிஜெக்ற் ஆகிட்டுது?"

"ஓம் அண்ணை, அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ."

"அப்பீல் போட்டவரே?"

"இல்லை. திரும்பிப் போயிட்டார்."

"பிழை விட்டிட்டார்" என்றார் இராஜரட்ணம், மெய்யாகவே கவலைப்பட்டு. "எழுபது வயது. மனிதாபிமான அடிப்படையிலை கேட்டிருக்கலாம். நல்ல லோயர் அம்பிடேல்லைப் போலை." பின்வரிசையில் இருந்த சோமாலியர் ஒருவருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் உச்சுக்கொட்டினார். இருநூற்றிருபது வருடத்துக்கு முந்திய தோல்விக்கு அன்றைக்குத்தான் சரியான அனுதாபம் கிடைத்தது. ரீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கும்போது வேரோனிக்கா எழும்பினாள். விடுதியொன்றில் அறை துப்பரவு செய்கிறவள், சீமோனின் ஊர்ப்பக்கம். "மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்தவரே?" என்று கேட்டாள்.

"ஆர்?"

"உந்த ஐயாதான். மனிசிக்கு என்ன நடந்தது?"

சீமோன் படப்புத்தகத்தைப் புரட்டினான். சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக நினைத்த பக்கத்துக்குப் பிறகு அந்த அம்மாவைக் காணவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தான்.

பார்க்காமலே விட்டிருக்கலாம். ஆனால் கேள்வி காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நூலகத்தில் பெரியவர்களுக்கான தடித்த புத்தகத்தை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தான். மனைவியின் பெயர் டெபரா. அவளுக்குக் கடல் பயம், கப்பல் ஏறமாட்டாள். சீமோன் அந்த வரியை மூன்று தரம் வாசித்தான். ஆயிரத்து எழுநூற்று அறுபத்துநாலாம் ஆண்டு மறுபடி லண்டனுக்குப் போன மனிதர் பத்து வருடம் திரும்பவில்லை. அங்கே அவருக்குச் சிநேகிதர், விருந்து, மரியாதை எல்லாம் இருந்தது. வருகிறேன் வருகிறேன் என்று எழுதினார். அவளைப் பாரிசவாதம் அடித்தது. அப்போதும் வரவில்லை. கடிதங்கள் குறைந்து நின்றபோது, வெகுநாளாய் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லையே என்று எழுதிக் கேட்டார். எழுபத்துநாலு மார்கழியில் அவள் இறந்துபோனாள். அடுத்த வசந்தத்தில் அவர் கப்பலில் வந்து இறங்கினார்.

நூலகத்தில் ஹீற்றர் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. சீமோனின் ஏரியில் அன்று பட்டம் அறுந்தது. ஏரி நடுவில் அசையாமல் கிடந்தான், கரை எந்தப் பக்கமும் தெரியவில்லை. தன்மேல் அவனுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. பெரிய மனிதரிடம் படிக்க எவ்வளவோ இருக்க, கேட்டுப் படிக்காமலே இதை மட்டும் அச்சொட்டாகச் செய்து வைத்திருக்கிறேனே என்று நினைத்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு, திருச்சியில் மாலை ஐந்தரைக்கு, அருள்மலர் தெருமுனை ரெலிபோன் பூத்தில் வந்து நிற்பாள். இங்கே காலை எட்டு மணி. அந்த ஞாயிறு சீமோன் கோலிங் கார்ட்டைச் சுரண்டி இலக்கங்களை அழுத்தியபோது, நாலு கிளாஸும் தண்ணீரோடு மேசையில் இருந்தன. படிவமும் இருந்தது. இராஜரட்ணம் தன் அறையில் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"சுகமோ?" என்றாள் அருள்மலர்.

"சுகம். நீர்?"

"இருக்கிறன். கவுண்மேந்திலை இருந்து ஏதும் கடிதம் வந்ததே?"

சீமோன் ரிசீவரைக் கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தான், விரலை நனைத்தான், அந்த முதல் அடியை வாசித்தான். கடைசிச் சுரம் நீண்டு அலைந்தது.

ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தான். அவள் மெதுவாகச் சொன்னாள். "பிளேன் தூரத்திலை வரேக்கை முதல் இப்பிடித்தான் கேக்கும். மெல்லிசாய்."

"பிளேனோ? எங்கை கண்டனீர்?"

"உங்களுக்குச் சொல்லேல்லை. பக்கத்து அறைக் கிளடிஸ் அக்காவோடை ஞாயிறு பூசை முடிய ஏர்போட் வேலியடிக்குப் போய் நிக்கிறனான். ரெண்டு வருசமாய். முதல் நாள் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு நிலத்திலை குந்தியிட்டன். இப்ப நிமிந்து நிண்டு பாப்பன். கனடாக்காரங்கள் கூப்பிடுற நேரம், பயம் எண்டு நான் சுணக்கக்கூடாதெல்லே."

ரெண்டு வருசம் என்ற சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. "மலர்" என்றான். "கவுண்மேந்து ஒண்டும் சுணக்கேல்லை. ஃபோம் இஞ்சை என்ரை மேசையிலை கிடக்கு. நான்தான் போடேல்லை."

பூத்துக்கு வெளியே போகிற பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் கேட்டது.

"நான் சுப்பவைசரும் இல்லை. கிளாஸ் கழுவுறன். இப்ப கேட்டதும் கிளாஸ்தான். நீர் வந்து பாத்தால் என்ன நினைப்பீரோ எண்டு பயந்திட்டன்."

"கழுவுறது எனக்குத் தெரியும்" என்றாள். "எழுதுற கடிதமெல்லாம் ஈரக்கை பட்டு மை ஊறித்தான் வாறது. சுப்பவைசருக்கு ஏன் கை ஈரம்? அதுக்கு நான் கோவிக்கேல்லை. மற்றதுக்குக் கோவம். சரியான கோவம். வந்துதான் தீர்ப்பன்."

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று கோலிங் கார்ட் பெண் ஆங்கிலத்தில் குறுக்கிட்டாள்.

"எத்தினை இடத்திலை கையெழுத்து வைக்கவேணும்?" என்றாள் அருள்மலர்.

"நாலு."

"வையுங்கோ. நான் லைனிலை நிக்கிறன்."

சீமோன் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேனையை எடுத்தான். விரல் இன்னும் ஈரம். முதல் கையெழுத்தில் மை ஊறியது. "ஒண்டு" என்றான். "ம்" என்றாள். இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் ம் கொட்டினாள். மூன்றாவது ம் முடியுமுன் லைன் விழுந்துவிட்டது.

நாலாவதையும் வைத்தான். வைத்துவிட்டு, இரைகிற ரிசீவருக்குள் "வைச்சாச்சு" என்று உரத்துச் சொன்னான்.

இராஜரட்ணம் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஆரோடை கதைக்கிறீர், சீமோன்?"

"மனிசியோடை, அண்ணை" என்றான். "அவ வாறா."