இடது கால்

மகன் லாரிக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்து அவனைச் சுவரில் மோதவைத்தான். பின்மண்டை சுவரில் பட்ட சத்தம் முற்றத்தின் மறுகோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கேட்டது. தோள்மூட்டு நழுவிய வலது கையை அவளுக்குக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு எழவில்லை.

சற்று முன்புதான் டாக்டர் வெளியே வந்து, அவள் கணவர் போய்விட்டார் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மகன் அழவில்லை. நேராக மருத்துவமனையின் பின்முற்றத்துக்கு வந்தான். அங்கே குழாயடியில் ஒதுங்கி நின்றிருந்தான் லாரிக்காரன். மோதிய கையோடு ஓடிவிடாமல், அவரையும் அவளையும் தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தவன்.

“நடு ரோட்டுல சட்டுனு நின்னுட்டாரு தம்பி. நான் என்ன பண்ணட்டும்?” என்றான்.

அதுவே வினையாகிவிட்டது. செத்தவர் மேலேயே பழி போடுகிறான் என்று மகனுக்குத் தலைக்கேறியது. வாயிலேயே குத்தினான். லாரிக்காரன் திருப்பி அடிக்கவில்லை. கையால் முகத்தை மறைத்தான். அடுத்த அடி வயிற்றில் விழுந்தது. மடங்கியவனைக் காலால் உதைத்தான் மகன்.

அதற்குள் கொழுந்தன் வந்துவிட்டான். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தவன், உள்ளே போய் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வண்டியிலிருந்து சக்கரம் கழற்றும் வீல் ஸ்பேனரை எடுத்துவந்தான். மகனை விலக்கிவிட்டு லாரிக்காரனின் முதுகில் ஓங்கிப் போட்டான். லாரிக்காரன் அடிபட்ட நாய் போலக் கத்தினான். தடுக்க வந்த காவலாளி ஸ்பேனரைப் பார்த்ததும் நின்று, போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட ஆரம்பித்தார்.

அவளுக்கு மட்டும் நடந்தது தெரியும்.

அவள் கணவர் ஓட்டியது, கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும் பழைய கறுப்புக் கார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்னால் வைத்து அவர் ஓட்டிக்கொண்டு போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதன் பிரேக்கை மிதித்தால் வண்டி யோசித்துத்தான் நிற்கும். அவருக்கு இடது முழங்கால் தேய்ந்து, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, காரை விற்றுவிடலாம் என்றாள் அவள். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கொழுந்தன்தான் வழி கண்டுபிடித்தான். நொறுங்கிப்போன ஒரு புதிய காரிலிருந்து, கிளட்ச்சே வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியைக் கழற்றி, பழைய காரின் தரைத்தகட்டை வெட்டி இடம் பண்ணிப் பொருத்தினான். பிரேக்கையும் விட்டுவைக்கவில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், கூடவே மிதியின் பலத்தைக் கூட்டும் ஒரு பூஸ்டர். விரலால் தொட்டால் போதும், ஆணி அடித்தது போல் நிற்கும் என்று பெருமைப்பட்டான்.

மூன்று பெடல் இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான். கிளட்ச் இருந்த பக்கம் வரை பிரேக் அகலமாகப் பரவியிருந்தது. இடது காலைச் சீட்டுக்கடியில் மடக்கியே வைத்திருக்க வேண்டும், அப்படி ஒரு கால் இருப்பதையே மறந்துவிட வேண்டும் என்று கொழுந்தன் படித்துப் படித்துச் சொன்னான்.

“அதுக்குப் பென்ஷன் குடுத்தாச்சுடா,” என்று அவர் முழங்காலைத் தட்டிச் சிரித்தார்.

இன்று காலையில்தான் முதன்முதலாகப் பெரிய சாலைக்கு எடுத்தார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எதிரே சந்திப்பு வந்தது. வேகம் குறைக்க வேண்டும்; அவ்வளவுதான். மீசை முளைத்த நாள் முதல் கிளட்ச் மிதித்த கால், மடங்கியிருந்த இடத்திலிருந்து தானாக எழுந்து, தன் பலம் முழுவதையும் போட்டு, கிளட்ச் என்று பிரேக்கை மிதித்தது. கார் நின்றது. அவள் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது. “ஐயோ” என்று அவர் திரும்புவதற்குள் பின்னாலிருந்து லாரி ஏறியது. பின்சீட்டு அப்படியே மடிந்து முன்னால் வந்தது. ஸ்டீயரிங் அவர் நெஞ்சில் இறங்கிய சத்தம் விறகு முறிகிற மாதிரி இருந்தது.

லாரியில் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தார். வாயோரம் ரத்தம் குமிழியிட்டது.

“கால் தானாப் போயிடுச்சுடி.” கொஞ்ச நேரம் மூச்சுக்குத் திணறினார். “தம்பிகிட்டச் சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான்.”

அவள் தலையாட்டியிருந்தாள்.

கொழுந்தன் ஸ்பேனரை மறுபடி ஓங்கினான். இந்த முறை தலைக்கு. அவள் எப்படி எழுந்தாள், எப்படி அந்த முற்றத்தைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. லாரிக்காரன் மேல் விழுந்து மறைத்தாள். கட்டுப்போட்ட தோளில் உயிர் போகிற வலி.

“அண்ணி, தள்ளுங்க.”

“அவன் மேல தப்பில்ல தம்பி.”

“தள்ளுங்கன்னேன்.”

“உங்க அண்ணன்தான் மிதிச்சாரு. இடது காலால.”

ஓங்கிய கை அப்படியே நின்றது.

“யாரு சொன்னா?”

“அவரேதான்.”

கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“முழுசா மிதிச்சாரா?”

“முழுசா.”

ஸ்பேனரை அவன் கீழே போடவில்லை. குனிந்து தரையில் வைத்தான். வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

மகனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும், “நீதானா” என்று சித்தப்பாவின் மேல் பாய்ந்தான். காதோடு சேர்த்து அறைந்தான். முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் இடித்தான். கொழுந்தன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் கிரீஸ் சட்டையில் சொட்டியது.

அவள் இடது கையால் மகனின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிள்ளையாக இருந்தபோதுகூட அவனை அவள் அடித்ததில்லை.

“இன்னும் எத்தன பேர அடிப்ப? அடுத்து நானா?”

அவன் அப்போதுதான் அழுதான்.

போலீஸ் வந்ததும் அவர்களிடமும் அவள் அதையே சொன்னாள். லாரிக்காரன் அடித்தவர்கள் மேல் எதுவும் எழுதித்தரவில்லை. படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். கேட்ட போலீஸ்காரர் படியே இல்லாத முற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

எல்லாம் முடிந்து உடலைக் கொடுக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வேன் சற்றுத் தள்ளி நின்றது. ஸ்ட்ரெச்சரைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்றார் ஊழியர். அந்த ஊழியரே ஒருவர். தலைமாட்டில் மகன் நின்றான். அவனுக்கு எதிரே, அவன் முகத்தைப் பார்க்காமல், வீங்கிய மூக்கோடு கொழுந்தன் வந்து பிடித்தான். கால்மாட்டில் ஒரு பிடி காலியாக இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

குழாயடியிலிருந்து லாரிக்காரன் எழுந்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் நடந்துவந்து அந்தப் பிடியைப் பற்றினான்.

தூக்கினார்கள். சில அடி போனதும் கொழுந்தன் திரும்பாமலே சொன்னான்.

“பள்ளம் இருக்கு. பாத்து வாங்க.”

அவள் முன்னால் போய், நல்ல கையால் வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.