சாரத்து மனை

மில்லை விட்டபோது கைக்கு வந்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். என் மனைவி பூவிழிக்குத்தான் தூக்கம் போனது. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க ஒருத்தரைக் கேட்க வேண்டும். விருந்தாளி வந்தால் தண்ணீருக்குப் பேச்சு வாங்க வேண்டும். சொந்தமாக ஒரு வாசல் வேண்டும் என்பதுதான் அவள் ஏக்கம்.

ஊரை ஒட்டிய சாரத்தில் ஒரு மனை விலைக்கு வந்தது. கோவிந்தசாமி என்பவருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு பாரீஸ் பக்கமே தங்கிவிட்டவர். விற்பதற்கான பவரை அக்கா மகன் ஜானகிராமனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பூவிழி தினமும் சாயங்காலம் போய் மனையைப் பார்த்துவிட்டு வருவாள். பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை தடவை போகமாட்டான்.

வக்கீல் சிவசங்கரி மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

"பவர் எழுதிக் குடுத்தவரு உசுரோட இருக்காரா?"

"என்னம்மா, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல..." பூவிழியின் முகம் சுண்டிப்போனது.

"அவரு செத்துட்டா பவரும் செத்துடும். அப்புறம் உங்க பத்திரம் வெறும் காயிதம். பிரான்சு பென்ஷன்காரங்க வருஷா வருஷம் உசுரோட இருக்கேன்னு சர்டிபிகேட் குடுக்கறாங்கல்ல? அதைக் கேளுங்க."

நம் ஊரில் இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. வழி, வாஸ்து, அண்டை வீட்டுக்காரன் குணம் எல்லாம் விசாரிப்போம். ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் வாயிலேயே போடுவார்கள். நான் கேட்டேன். ஜானகிராமன் குதித்தான்.

"எங்க மாமாவ சாவடிக்கவா வந்தீங்க? வேற ஆளு ரெடியா இருக்கான், போங்க!"

மடியில் கனமில்லாதவன் இப்படிக் குதிக்கமாட்டான். அவர்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் பிரான்சு நம்பரை வாங்கிக்கொண்டு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டோம். பேசியது பூவிழி.

எடுத்தவர் கோவிந்தசாமியின் மனைவி செல்வாம்பாள். "அவரு ஆடியிலயே போயிட்டாரும்மா. ஜானகிராமன்கிட்ட அப்பவே சொன்னேனே?"

அடுத்த வாரம் பதிவு செய்ய இருந்தோம். ஆனால் அந்த அம்மாள் நல்லவர். விஷயத்தைக் கேட்டதும், "அதனால என்ன? எனக்கு எதுக்கு இனிமே அங்க மனை? நானும் புள்ளைங்களும் கையெழுத்துப் போடறோம். நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

பூவிழி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் இப்படி என் கையைப் பிடித்து எத்தனையோ காலமாகிறது.

"ஆமா, மனை இப்ப எப்படிம்மா இருக்கு? பாத்து ரொம்ப வருஷமாச்சு" என்று அந்த அம்மாள் கேட்டார்.

வாங்குகிறவர் வாயில் மனையின் நிறை வரக்கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முள் மண்டிக் கிடக்கிறது, மழைக்குத் தண்ணீர் நிற்கிறது என்று இழுக்க வேண்டும். நானும் ஜாடை காட்டினேன். அவள் எங்கே பார்த்தாள்?

"லட்சணமா இருக்கும்மா. கெழக்கு பாத்த மனை. சாயங்காலமானா கடல்காத்து வருது. கருவேப்பில ஒண்ணு தானா மொளச்சி ஆளு ஒசரம் நிக்குது. பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சேன், எளநியாட்டம் இருந்துச்சி. தெருப்பக்கத்து மூலையில அடுப்ப வச்சா, சோறு வடிச்சிக்கினே தெருவுல போறவங்களோட பேசலாம். மனசுக்குள்ளயே தெனம் அங்க சமைக்கறேம்மா..."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"இங்க ஜன்னலத் தெறந்தா எதுத்தாப்ல செவுருதாம்மா. பேச ஒரு நாதி இல்ல. நான் விக்கல. புள்ளைங்க என்ன சொன்னாலும் சரி, அங்கயே வந்துடறேன். கோச்சிக்காத தாயி."

பூவிழி என் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துடுங்கம்மா" என்றாள். "அடுப்ப மட்டும் தெருப்பக்கமா வைங்க."