நாலே முக்கால், மூணே முக்கால்

பட்டில் சாயம் பிடிக்க ஊற்றும் ஆசிட்டின் புளிப்பு தொட்டியில் போதுமா என்று யேசுதாஸ் நாக்கில் தொட்டுத்தான் பார்ப்பார். ஐயம்பேட்டைப் பட்டறையில் அதுதான் வழக்கம். போன மாதம் அந்த நாக்கில் புண் வந்தது. இன்னொரு முறை சாயத் தண்ணீர் பட்டால் ஆறவே ஆறாது என்று டாக்டர் கண்டித்துவிட்டார். அன்றைக்கே அவர் மகள் நதியா, ஏனாத்தூரில் கெமிஸ்ட்ரி படிக்கிறவள், ஆசிட் அளக்கும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

அசிட்டிக் ஆசிட் என்றால் தொட்டிக்குப் பத்து மூடி. அது சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்று கடையில் அது கிடைக்காமல் ஃபார்மிக் ஆசிட் வந்து சேர்ந்தது.

"புது சரக்கு. நீயே ஒருவாட்டி தொட்டுப் பார்த்துடு, தாஸு" என்றார் முதலாளி கலியாணசுந்தரம்.

"வேணாங்க முதலாளி. நான் கணக்கு போட்டு சொல்றேன்" என்று நதியா குறுக்கே நின்றாள்.

அமிலத்தின் வீரியத்துக்குப் புத்தகத்தில் எண் உண்டு. எண் குறையக் குறைய வீரியம் கூடும். அசிட்டிக் நாலே முக்கால், ஃபார்மிக் மூணே முக்கால். பட்டறையிலோ எல்லாமே பங்குக் கணக்கு: ஒரு கிலோ பட்டுக்கு இவ்வளவு சாயம், அரைக் கிலோவுக்குப் பாதி. தவழ்ந்த வயதிலிருந்து பார்த்த பழக்கம் சும்மா விடுமா? நாலே முக்காலுக்குப் பத்து மூடி என்றால் மூணே முக்காலுக்கு எட்டு என்று பங்கு போட்டு ஊற்றிவிட்டாள்.

சோதனைக்கு இறக்கிய ஒற்றைச் சிட்டம், ஒரு சுருள் பட்டு நூல், புளிப்பு மிஞ்சிப்போய்ச் சாயத்தைப் பாய்ந்து பிடித்தது. தூக்கிப் பார்த்தால் அரக்கு நிறம் ஒரு பக்கம் கருத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் திட்டுத் திட்டாக நின்றது.

"ஏட்டு சுரைக்கா கறிக்கு ஆவாதும்மா" என்றார் முதலாளி.

யேசுதாஸ் தொட்டியில் விரலை விட்டார். நதியா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"வாயில வெச்சீன்னா உங்கூட பேசவே மாட்டேன்பா. முதலாளி, இன்னும் ஒரே ஒரு சிட்டம் குடுங்க."

கண்ணை மூடி யோசித்தாள். பரீட்சையில் எழுதித் தேறிய பாடம்தான், தொட்டி முன்னால் மறந்து தொலைந்தது. அந்த எண்ணில் ஒன்று குறைந்தால் வீரியம் பத்து மடங்கு ஏறும்; பத்து மூடி வேலையை ஒரு மூடியே செய்துவிடும்.

"அய்யோ, பங்கு போடக் கூடாத நம்பரை பங்கு போட்டுக்கினு இருந்தேன்பா!"

தொட்டியைக் கொட்டிக் கழுவிப் புதிதாகச் சாயம் கரைத்தாள். எட்டு மூடி இருந்த இடத்தில் இப்போது ஒரே மூடி. சாயம் சோம்பலாக ஏறியது. புத்தகக் கணக்கு தொட்டியில் கொஞ்சம் முன்பின் ஆகும் என்று தெரிந்தவள், அசராமல் இன்னொரு மூடியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சிட்டம் முழுக்க ஒரே அரக்காக வெளியே வந்தது.

"அடுத்த தொட்டிய பாருங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி நகர்ந்தார்.

கைப்பழக்கம், யேசுதாஸின் விரல் அடுத்த தொட்டியில் நனைந்து வாய்வரைக்கும் வந்துவிட்டது. நதியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் விரலை லுங்கியில் துடைத்தார்.

"இதுக்கு எத்தினி மூடிம்மா?" என்று கேட்டார்.