படையல் பாகு

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவின் காஜா பேராங்கில் மரவள்ளிக்கிழங்கு ஒன்றுக்குத்தான் பஞ்சமில்லை. கோகிலா மலேரியாவில் படுத்துப் பால் வற்றியதும், அவளுடைய எட்டு மாதப் பிள்ளைக்கு நாத்தனார் மீனாச்சி கிழங்குமாவுக் கஞ்சி காய்ச்சினாள். கெட்டியாகக் கொடுத்தால் விக்கியது. தண்ணீர் விட்டு இளக்கினால் வயிறு உப்பியதே தவிர உடம்பில் ஒட்டவில்லை. மீனாச்சியின் பாவி மனசு, அதைப் பார்த்துப் பார்த்துப் பதறியது.

முளைகட்டிய கேழ்வரகை இடித்துப் பிழிந்த சாறு ஒரு கரண்டி விட்டால் கெட்டிக்கஞ்சி தானே இளகும் என்பது மீனாச்சிக்குத் தெரியும். ஆனால் கொதிக்கும் கஞ்சியில் விட்டால் சாறு செத்துவிடும். வைத்திருந்தால் மறுநாளே புளித்து நாறும். வீட்டில் இருந்ததோ கடைசிப் பிடிக் கேழ்வரகு. கொல்லையில் கதிர் முற்ற இன்னும் ஒரு வாரம் ஆகும்.

விறகு மிச்சமாகட்டும் என்று அவளும் பக்கத்து வீட்டுச் சீதாவும் ஒரே அடுப்படியில் சமைத்தார்கள். சீதா மலாக்காச் செட்டிப் பெண். பேச்செல்லாம் மலாய், தமிழ் அரைகுறை. டத்தோ நேனே என்று அவள் சொல்லும் முன்னோருக்குப் படையல் போட அவள் தென்னங்கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஆற வைத்திருந்தாள். பிழிந்த கடைசிச் சாற்றை மீனாச்சி, தூக்கக் கலக்கத்தில், அந்தச் சட்டியிலேயே ஊற்றிவிட்டாள்!

"அடோய்! இது டத்தோ நேனேக்கு வச்சதுலா! நான் ருசிகூடப் பாக்கலே!" என்று கத்திவிட்டு, சீதா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். படையலும் கெட்டது, சாறும் போனது. மீனாச்சி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை. வேறு வழியின்றி மீனாச்சி மூலையில் கிடந்த சட்டியை முகர்ந்து பார்த்தாள். புளிப்பு வாடையே இல்லை! கஞ்சி ஆறும்வரை பொறுக்காமல், ஆவி பறக்கப் பறக்க ஒரு கரண்டி விட்டுக் கிளறினாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அகப்பை லேசானது. களிபோல் இருந்த கஞ்சி கரண்டியிலிருந்து வழிந்தது. பாகு சாற்றைப் புளிக்கவும் விடவில்லை, சூட்டில் சாகவும் விடவில்லை.

சட்டியை எடுத்துப் போக வந்த சீதா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிள்ளை விக்காமல் விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது.

"உன் படையலைத்தான் ஊட்டுறேன் சீதா. டத்தோ நேனே கோபிப்பாங்களா?" என்றாள் மீனாச்சி.

சீதா பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"அவங்கதான் சாப்பிடுறாங்க, பாரு," என்றாள்.